செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலையா? சுகரும் கால் நரம்பும்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

ரெண்டு மாசம் முன்னாடி இதே பக்கத்துல கால் எரிச்சல் பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன், அதுக்கு அப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல கால் பத்தியேதான். அதனால இந்த தடவை வேற எதுவும் எடுக்காம முழுக்க சுகரால வர்ற நரம்பு பாதிப்புக்கே ஒதுக்கிட்டேன். பேர் எதுவும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி (விருதுநகர், வயசு 53): டாக்டரம்மா, எனக்கு சுகர் வந்து 9 வருஷம் ஆச்சு. ஆறு மாசமா ராத்திரி படுத்தா ரெண்டு உள்ளங்காலும் மொளகாப்பொடி தடவின மாதிரி எரியுது. போர்வை பட்டாலே தாங்கல. எந்திரிச்சு வெறும் சிமெண்ட் தரையில காலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பகல்ல அவ்வளவா தெரியல. இது நரம்புத் தளர்ச்சியா? சரியாகுமா?

அம்மா, முதல்ல அந்த "நரம்புத் தளர்ச்சி"ங்கிற பேரை விட்டுடுங்க. டிவி விளம்பரத்துல கை நடுக்கத்துக்கும் அதான் சொல்றாங்க, தூக்கம் வரலைன்னாலும் அதான், அந்த பேரை வச்சுக்கிட்டு யாரோ விக்கிற லேகியத்துல காசு போறதுதான் மிச்சம். உங்களுக்கு இருக்கறது சுகரால நரம்பு பாதிக்கிறது, டாக்டருங்க நியூரோபதின்னு சொல்லுவாங்க.

ஏன் கால்ல ஆரம்பிக்குதுன்னு கேட்டா, காவிரித் தண்ணி கணக்குதான். மேட்டூர்ல திறந்து விட்டாலும் தண்ணி குறைஞ்ச வருஷம் முதல்ல காயறது கடைமடைதானே? முதுகுத்தண்டுகிட்ட இருந்து கால் விரல் நுனி வரைக்கும் போற நரம்பு இழை ஒரு மீட்டர் நீளம் வரும், உடம்புலயே நீளமானது அதுதான். ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்குல ஏறிக் கிடந்தா நரம்பு செல்லுக்குள்ள அது வேற ரசாயனமா மாறி தேங்குது, நரம்புக்கே சாப்பாடு கொண்டு போற முடி மாதிரி ரத்தக்குழாயும் தடிச்சு அடைச்சுக்குது, அப்போ ரொம்ப தூரத்துல இருக்கிற நுனி முதல்ல பட்டுப் போக ஆரம்பிக்குது. அதனாலதான் ரெண்டு காலும் ஒண்ணா, விரல்ல தொடங்கி சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், முழங்கால்கிட்ட வர்ற நேரத்துல கை விரல் நுனியிலயும் மதமதன்னு ஆரம்பிக்கும். ஒரே ஒரு கால்ல மட்டும் இருந்தா, இல்ல இடுப்புல இருந்து சுண்டி இழுத்துச்சுன்னா அது பெரும்பாலும் முதுகு சமாச்சாரம், சுகர் மேல பழியை போட்டுட்டு சும்மா இருந்துடக் கூடாது.

வலியையும் சூட்டையும் சொல்ற இழைங்க ரொம்ப மெல்லிசு, பல பேருக்கு அதுதான் முதல்ல அடி வாங்கும். அடிபட்ட இழை சும்மா இருக்காது, ஒண்ணுமே இல்லாதப்பவும் "எரியுது எரியுது"ன்னு மூளைக்கு தப்பு தப்பா சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். பகல்ல அடுப்பு, பேரப்புள்ள, சந்தைன்னு மனசு ஓடிட்டிருக்கும், ராத்திரி விளக்கணைச்சதும் அது ஒண்ணுதான் கேக்கும்.

சரியாகுமான்னு கேட்டீங்க, பொய் சொல்ல மாட்டேன். செத்துப் போன இழையை திரும்ப முளைக்க வைக்கிற மாத்திரை இன்னிக்கு வரைக்கும் இல்ல. ஆனா உங்களுக்கு ஆறு மாசம்தான் ஆகுது, இங்கயே நிறுத்தி வைக்க முடியும், எரிச்சலையும் நல்லா குறைக்க முடியும். ப்ரீகாபலின், டுலாக்சடின், அமிட்ரிப்டிலின்னு மருந்து இருக்கு, எதைக் குடுத்தாலும் கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க, வேலை செய்ய சில வாரம் ஆகும், மூணு நாள் போட்டுட்டு "கேக்கல"ன்னு நிறுத்திடாதீங்க. ப்ரீகாபலின் போட்டா தூக்கம் தூக்கமா வரும், சில பேருக்கு கால் வீங்கும், கிட்னி டெஸ்ட் பாத்துட்டுதான் அளவு வைக்கணும். அமிட்ரிப்டிலின் வயசானவங்களுக்கும், ஹார்ட் பிரச்சனையோ ஒண்ணுக்கு போக சிரமமோ இருக்கிறவங்களுக்கும் யோசிச்சுத்தான் குடுக்கணும், அதனால பக்கத்து வீட்டு அக்காவுக்கு கேட்ட மாத்திரையை வாங்கி போட்டுக்காதீங்க. இன்னொண்ணு, இதெல்லாம் வலிக்கு மட்டும்தான். நரம்பை காப்பாத்துறது சுகரையும் பிபியையும் கொழுப்பையும் கட்டுக்குள்ள வைக்கிறதுதான். டாக்டர்கிட்ட போறப்ப வைட்டமின் பி12, தைராய்டு, கிட்னி மூணும் பாக்க சொல்லுங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு எரிச்சல் வந்தா அது சுகராலதான்னு கட்டாயம் இல்ல.

கேள்வி (பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம், வயசு 64): எனக்கும் நாலஞ்சு வருஷம் முன்னாடி கால் ரொம்ப எரிஞ்சுது. இப்போ ஒரு வருஷமா எரிச்சலே இல்ல, மாத்திரையையும் நிறுத்திட்டேன். சுகர் 220, 250ன்னு இருக்கு. நடந்தா பஞ்சு மேல நடக்கிற மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு, ஒரு தடவை செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம கொஞ்ச தூரம் போயிட்டேன். மத்தபடி நல்லா இருக்கேன். குணமாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

ஐயா, இன்னிக்கு வந்த கடிதத்துலயே என்னை ரொம்ப பயப்படுத்தினது உங்களோடதுதான். குணமாகல. சுகர் 250ல இருக்கறப்போ எரிச்சல் தானா நின்னுச்சுன்னா, எரியுதுன்னு சொல்றதுக்கு அங்க நரம்பு மிச்சம் இல்லன்னு அர்த்தம். எரியற கால் தூங்க விடாது, ஆனா அந்த மனுஷன் காலைப் பத்தி யோசிச்சுக்கிட்டாவது இருப்பாரு. மரத்துப் போன கால் அப்படி இல்ல, அதை அவரு மறந்தே போயிடுவாரு. விரலை எடுத்தாகணும்னு நிலைமை வர்றது பெரும்பாலும் இந்த ரெண்டாவது கால்லதான்.

எங்கப்பா கதையை சொல்றேன். நான் மெடிக்கல் காலேஜ்ல ரெண்டாவது வருஷம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா கடைத்தெருவுக்கு போயிட்டு பையோட உள்ள வந்தாரு, வாழைத்தண்டும் கீரைக்கட்டும் மேஜை மேல வச்சுட்டு தண்ணி குடிக்க அடுப்படிக்கு நடந்தாரு. நான் தரையை பாக்கறேன், வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு எட்டணா அகலத்துல ரத்தப் பொட்டு. "அப்பா நில்லுங்க"ன்னு கத்தி வலது காலை தூக்கிப் பார்த்தா கட்டைவிரலுக்கு கீழ ஓட்டை. வெளிய போய் செருப்பை திருப்பிப் பார்த்தேன், துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு அடியில ஏறி உள்பக்கம் அரை இஞ்சு நீட்டிக்கிட்டு நிக்குது. அந்த ஆணி மேலயே ரெண்டு கிலோமீட்டர் நடந்து காய்கறி பேரம் பேசி வாங்கிட்டு வந்திருக்காரு. "எனக்கு ஒண்ணும் வலிக்கலையேம்மா"ன்னு அவர் சொன்ன மொகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. அஞ்சு வாரத்துல அந்த விரலை எடுத்துட்டாங்க. அப்போ எனக்கு நரம்போட பேரெல்லாம் மனப்பாடமா தெரியும், எங்கப்பா காலை ஒரு நாள் கூட தூக்கிப் பார்த்தது கிடையாது.

அதனால ஐயா, இன்னிக்கே வீட்டுல ஒருத்தரை உக்கார வச்சு இதைப் பண்ணுங்க. கண்ணை மூடிக்கிட்டு காலை நீட்டிப் படுங்க. அவங்க ஆள்காட்டி விரல் நுனியால உங்க கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒவ்வொண்ணா ஒரு நொடி லேசா தொடணும், அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, பூ விழற மாதிரி. ரெண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். தொட்டது தெரிஞ்சா எந்தக் கால்னு சொல்லுங்க. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியாம போச்சுன்னா உணர்ச்சி குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். இங்கிலாந்துல இப்ஸ்விச்ங்கிற ஊர் ஆஸ்பத்திரி பேர்ல இந்த டெஸ்ட் இருக்கு, காசு செலவே கிடையாது. டாக்டர்கிட்ட போனா 10 கிராம் அழுத்தத்துல வளையற நைலான் இழையால குத்திப் பாப்பாங்க, 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கை எலும்பு மேல வச்சு அதிர்வு தெரியுதான்னு கேப்பாங்க, பயோதீசியோமீட்டர் மெஷின் இருக்கிற இடத்துல எத்தனை வோல்ட்ல அதிர்வு தெரியுதுன்னு நம்பரே வரும், 25க்கு மேல போச்சுன்னா புண் வர்ற ஆபத்து ஜாஸ்தி.

டெஸ்ட் எப்படி வந்தாலும் சரி, இன்னிலேருந்து தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காலைப் பாருங்க. நரம்பு சொல்ல வேண்டியதை இனிமே கண்ணுதான் சொல்லணும். பாதம், குதிகால் வெடிப்பு, முக்கியமா விரல் இடுக்கு. குனிய முடியலன்னா செல்ஃபோன்ல உள்ளங்காலை ஒரு போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, கண்ணு சரியா தெரியலன்னா வீட்டுல யாரையாவது பாக்க சொல்லுங்க. சிவப்பு, கொப்புளம், நீர் கசிவு, கறுத்த ஆணிக்கால், நேத்திக்கு இல்லாத எதுவா இருந்தாலும் மறுநாள் டாக்டர், "ரெண்டு நாள் பாப்போம்"ங்கிற பேச்சே வேண்டாம். செருப்பு போடறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. நிறுத்தின மருந்தை என்ன பண்றது, சுகருக்கு எதை மாத்தறதுன்னு டாக்டரை இந்த வாரமே பாருங்க.

கேள்வி (திண்டுக்கல்): வெந்நீர்ல கல்லுப்பு போட்டு காலை வச்சா எரிச்சலுக்கு நல்லதுன்னு மாமியார் சொல்றாங்க. வைக்கலாமா?

வேண்டாம்மா. அவங்க பாசத்துல சொல்றாங்க, ஆனா சூடு தெரியாத காலுக்கு வெந்நீர் எவ்வளவு வெந்நீர்னு எப்படித் தெரியும்? தோல் உரிஞ்சு வெந்து போன காலோட வந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், ஹாட்வாட்டர் பேக்கை காலடியில வச்சுத் தூங்கினவங்களும் அப்படித்தான், பைக் சைலன்ஸர் பட்டதே தெரியாம வீடு வந்து சேந்தவங்களும். குளிக்கற தண்ணியைக் கூட முழங்கையால தொட்டுப் பாத்துட்டு ஊத்திக்கோங்க, ஏன்னா கை விரலும் மரத்திருக்கலாம். ரொம்ப நேரம் ஊற வச்சா தோல் வறண்டு வெடிக்கவும் செய்யும். கழுவி, துடைச்சு, பாதத்துக்கு தேங்கா எண்ணெயோ வேற ஏதாவது க்ரீமோ தடவுங்க, விரல் இடுக்குல மட்டும் தடவாதீங்க, அங்க ஈரம் தங்கினா சேத்துப்புண் வரும்.

கேள்வி (கும்பகோணம், வயசு 58): நாங்க சுத்த சைவம். 12 வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடறேன். கால் மதமதப்புக்கு மாசாமாசம் "நரம்பு ஊசி" போட்டுக்கறேன். மெட்ஃபார்மினாலதான் நரம்பு கெடுதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார். நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க. அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கா, அதுவும் அதிக டோஸ்ல போட்டா சாப்பாட்டுல இருக்கிற பி12 குடல்ல சரியா உறிஞ்சாது. பி12 குறைஞ்சா வர்ற மதமதப்பு, சுகரால வர்ற மதமதப்பு ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கூடவே நாக்கு புண்ணு, ரத்த சோகை, இருட்டுல நடந்தா தள்ளாட்டம் எல்லாம் வரலாம். பி12 இயற்கையா கிடைக்கிறது மாமிசம், மீன், முட்டை, பால், தயிர்லதான், கீரை எவ்வளவு சாப்பிட்டாலும் கிடைக்காது. அதனால சைவமா இருந்து மெட்ஃபார்மினும் போடறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்துல பி12 பாக்கறது நல்லது. குறைஞ்சிருந்தா அதை மட்டும் ஏத்தினாலே போதும், மெட்ஃபார்மின் மேல கோபப்பட வேண்டியதில்ல, அது நல்ல மருந்து.

அந்த ஊசி விஷயம் எனக்கு வருத்தமா இருக்கு. பி12 அளவு பாக்காம போட்டுக்கிட்டே இருந்தா அப்புறம் குறைவு இருந்துச்சா இல்லையான்னே கண்டுபிடிக்க முடியாது. நிறைய மாத்திரை, ஊசியில வைட்டமின் பி6ம் சேந்தே வரும், அது அளவு மீறி ரொம்ப நாள் உடம்புல ஏறினா அதுவே நரம்பைக் கெடுக்கும்னு நல்லா நிரூபிச்ச விஷயம். நரம்புக்குன்னு போடறதே நரம்பைக் கெடுக்கிற மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க, அடுத்த தடவை போறப்ப ஊசி அட்டையை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி (ஓசூர், வயசு 36): எனக்கு எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) 12.8 இருந்துச்சு. பயந்து போய் இன்சுலின், டயட், நடைன்னு தீவிரமா இறங்கி ரெண்டரை மாசத்துல 7.1க்கு கொண்டு வந்தேன். அதுக்கு அப்புறம்தான் கால் எரிச்சலே ஆரம்பிச்சது, தூங்கவே முடியல. சுகர் ஜாஸ்தியா இருந்தப்ப நல்லாத்தானே இருந்தேன்?

தம்பி, நீங்க பண்ணினது தப்பில்ல, உங்க மேல எனக்கு மரியாதைதான் வருது. ரொம்ப நாள் ரொம்ப ஏறிக் கிடந்த சுகர் சட்டுன்னு இறங்கினா, அதாவது எச்பிஏ1சி மூணு மாசத்துல 2 பாயிண்டுக்கு மேல குறைஞ்சா, சில பேருக்கு நரம்பு வலி திடீர்னு கிளம்பும். பழைய காலத்துல இன்சுலின் நியூரைட்டிஸ்னு சொல்லுவாங்க, ஆனா காரணம் இன்சுலின் இல்ல, இறங்கின வேகம்தான், மாத்திரையாலயோ டயட்டாலயோ இறங்கினாலும் வரலாம். இது பெரும்பாலும் மாசக்கணக்குல மெதுவா அடங்கிடும், சிலருக்கு ஒரு வருஷம் ஒண்ணரை வருஷம் கூட ஆகுது. அதுவரைக்கும் வலிக்கு மருந்து வாங்கிக்கோங்க. எரியுதேன்னு இன்சுலினை விட்டு சுகரை திரும்ப ஏத்திடாதீங்க, அது ரொம்ப பெரிய தப்பா போயிடும். இன்னொண்ணு, இந்த மாதிரி வேகமா இறங்கறப்போ கண்ணுல விழித்திரையும் கொஞ்ச நாள் மோசமாகலாம், அதனால கண் டாக்டரை இந்த வாரமே பாத்துடுங்க.

கேள்வி (வேலூர்): அம்மாவுக்கு 60 வயசு, சுகர் 15 வருஷமா. கால் மரத்திருக்கு. வர்ற பௌர்ணமிக்கு கிரிவலம் போயே ஆகணும்னு வேண்டுதல். வெறுங்காலோட போகலாமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நல்ல உணர்ச்சி இருக்கிற காலே மறுநாள் வலிக்கும். பௌர்ணமி ராத்திரி நடக்கிறதால தார் ரோட்டு சூடு அவ்வளவா இருக்காதுன்னு நினைக்கலாம், ஆனா இருட்டுல கல்லு, கண்ணாடி சில்லு, முள்ளு குத்தினா அம்மாவுக்குத் தெரியப் போறதில்ல, அதோடயே மிச்ச தூரமும் நடந்துடுவாங்க. ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான தடவை அழுத்தம் விழுந்தாலே கொப்புளம் வந்து உள்ளுக்குள்ளயே உடையும். பழனி பாதயாத்திரை, சபரிமலை, தீமிதி எல்லாத்துக்கும் இதேதான் சொல்லுவேன், மரத்த காலோட வெறுங்கால் நடை வேண்டாம். அக்னி நட்சத்திரத்துல மதியானம் கோவில் பிரகாரத்துக் கல்லுல நடந்து ரெண்டு உள்ளங்காலும் கொப்பளிச்சு வந்த ஒரு அம்மாவை பாத்தேன், அவங்களுக்கு கல்லு சுட்டதே தெரியல, சாயங்காலம் பேத்திதான் பாத்து அழுதிருக்கா.

அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, சுவாமி மனசைத்தான் பாப்பார், புண்ணோட வந்தாதான் ஏத்துப்பேன்னு எந்த சாமியும் சொல்லாது. நல்ல செருப்பு போட்டுக்கிட்டு கொஞ்ச தூரம் நடக்கட்டும், மிச்சத்தை ஆட்டோவுல சுத்தட்டும். கோவிலுக்குள்ள காலங்காத்தால, கல்லு சூடாகறதுக்கு முன்னாடி போங்க, தடிமனான காட்டன் சாக்ஸ் போட்டுக்கட்டும். வந்ததும் நீங்களே உக்காந்து அம்மா காலை கழுவி விரல் விரலா பாருங்க.

கேள்வி (சேலம், வயசு 55): வலது பாதம் பத்து நாளா வீங்கி, சிவந்து, சூடா இருக்கு. வலி இல்ல. புண்ணும் இல்ல. சுளுக்குன்னு சொல்லி எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க. எக்ஸ்ரே நார்மல்னு வந்துச்சு. தொடர்ந்து நடந்துக்கிட்டுதான் இருக்கேன்.

நடக்காதீங்க. இதைப் படிச்ச நிமிஷத்துல இருந்து அந்தக் காலை கீழ ஊனாதீங்க, நீவி விடறதையும் நிறுத்துங்க. சுகரும் மரப்பும் இருக்கிறவங்களுக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கி இன்னொரு பாதத்தைவிட சூடா இருந்தா, வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும் அதை சார்கோ பாதம்னுதான் எடுத்துக்கணும். உணர்ச்சி இல்லாத பாதத்துல எலும்பு மெல்ல மெல்ல நொறுங்கி மூட்டு இடம் மாறிடும், ஆரம்பத்துல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, எம்ஆர்ஐல தெரியலாம். யூரிக் ஆசிட், சுளுக்கு, இன்ஃபெக்ஷன்னு வேற பேர் சொல்லி நாள் போயிடும், அதுக்குள்ள பாதத்தோட வளைவு உடைஞ்சு அடிப்பக்கம் தொட்டில் மாதிரி புடைச்சுக்கும், அப்புறம் அங்க புண்ணு. சீக்கிரம் கண்டுபிடிச்சு மாவுக்கட்டு போட்டு சில மாசம் அழுத்தம் இல்லாம வச்சா பாதத்தோட உருவத்தை காப்பாத்தலாம். சுகர் கால்களை பாக்கற டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போங்க. கூட காய்ச்சல் இருந்தாலோ, எங்கயாவது சீழ் தெரிஞ்சாலோ எமர்ஜென்சிக்கே போயிடுங்க.

கேள்வி (ஊர் வேண்டாம், வயசு 47): உக்காந்து எந்திரிச்சா கண்ணு இருட்டுது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு உப்பிக்குது. மனைவியோட இருக்கிறதுலயும் பிரச்சனை. மூணுக்கும் சம்பந்தம் இருக்கா? யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.

எழுதினதுக்கு நன்றி, இது வெக்கப்பட வேண்டிய விஷயமே இல்ல. சம்பந்தம் இருக்கலாம். நம்ம யோசிக்காமயே தானா நடக்கிற வேலைக்குன்னு தனி நரம்பு கூட்டம் இருக்கு, இதயத்துடிப்பு, பிபி, இரைப்பை, மூத்திரப்பை, ஆண்மை, வியர்வை எல்லாம் அதுங்க பொறுப்பு. சுகர் அதையும் தாக்கும். எந்திரிச்சதும் பிபி இறங்கறது அப்படித்தான், டாக்டர்கிட்ட படுத்து ஒரு தடவை, நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பிபி பாக்க சொல்லுங்க, மேல் நம்பர் 20 குறைஞ்சா அது கணக்குல வரும். வயிறு மெதுவா காலியாச்சுன்னா இன்சுலின் ஒரு நேரம், சாப்பாடு ரத்தத்துல சேர்றது வேற நேரம்னு ஆகி சுகர் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும்.

நான் பயப்படறது வேற ரெண்டு விஷயம். லோ சுகர் வர்றப்ப வர்ற நடுக்கம், படபடப்பு இந்த நிலையில தெரியாமயே போகலாம், நேரா மயக்கம்தான். அதே மாதிரி நெஞ்சு வலி இல்லாமயே ஹார்ட் அட்டாக் வரலாம், காரணமே இல்லாம மூச்சு வாங்குது, சோர்ந்து விழுறோம், வேர்த்துக் கொட்டுதுன்னா "கேஸ்"னு சோடா குடிக்காம ஈசிஜி எடுங்க. ஆண்மைக் குறைவு இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைப்புக்கும் முன்கூட்டி வர்ற அடையாளமா இருக்கலாம், அதனாலயும் டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லணும். மெடிக்கல் ஷாப்ல அதுக்கான மாத்திரையை நீங்களா வாங்காதீங்க, ஹார்ட்டுக்கு நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரை போடறவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி (சென்னை, வயசு 24): அப்பாவுக்கு போன மாசம்தான் சுகர்னு தெரிஞ்சது, வயசு 50. கால்ல எந்த தொந்தரவும் இல்ல. நரம்பு பாதிப்பு வராமயே தடுக்க முடியுமா? இப்பவே டெஸ்ட் பண்ணணுமா?

ஆமா தங்கச்சி, இப்பவே. இந்த வகை சுகர், டைப் 2, தெரியறதுக்கு முன்னாடியே பல வருஷம் உள்ளுக்குள்ள இருந்திருக்கும், சுகர்னு தெரிஞ்ச அன்னிக்கே கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கிறவங்க இருக்காங்க. அதனால கண்டுபிடிச்சதும் ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் கால் டெஸ்ட். சின்ன வயசுலயே இன்சுலின் போடற டைப் 1க்கு அஞ்சு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சா போதும். செக்கப்புக்கு போறப்ப அப்பா ஷூவையும் சாக்ஸையும் கழட்டிட்டு உக்காரட்டும், டாக்டர் கேக்கலன்னாலும் பரவாயில்ல, கழட்டின காலை பாக்காம இருக்க முடியாது.

தடுக்க முடியுமான்னு கேட்டியே, முடியும். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் டைப் 1 சுகர் இருந்த 1,441 பேரை வச்சு பண்ணின டிசிசிடின்னு ஒரு பெரிய ஆய்வு, 1993ல ரிசல்ட் வந்தது, சுகரை இறுக்கமா வச்சிருந்தவங்களுக்கு நரம்பு பாதிப்பு 60 சதவீதம் குறைவா இருந்துச்சு. டைப் 2ல அந்த அளவுக்கு இல்ல, ஏன்னா அங்க சுகர் மட்டும் குத்தவாளி இல்ல, தொப்பை, ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு, பிபி, சிகரெட், குடி எல்லாம் சேந்து அடிக்கும். அதனால அப்பா சிகரெட் பிடிப்பாருன்னா முதல்ல அது. எச்பிஏ1சி பொதுவா 7கிட்ட, அவருக்கு எவ்வளவுன்னு டாக்டர் சொல்லுவார். சோறு வேண்டாம்னு சொல்லி சண்டை போடாதே, தட்டுல பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சம் இருக்கிற கால் பங்குல சோறுன்னு மாத்து. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் தெருவுல ஒரு நடை, நீயும் கூடப் போ. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நம்ம நாட்டுல சுகர் இருக்கிறவங்க 10.1 கோடி பேர், இதுல எத்தனை பேர் காலை யாராவது தொட்டுப் பாத்திருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு மனசு கனக்குது. மாத்திரை வாங்க அலையறதுதான் கஷ்டம்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தராங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சுக்கோங்க.

கேள்வி (நாமக்கல், லாரி டிரைவர்): சுகர் செருப்புன்னு எம்சிஆர் செருப்பு விக்கிறாங்க. உண்மையிலேயே உபயோகமா, இல்ல சும்மா வியாபாரமா? எப்படி பாத்து வாங்கறது?

உபயோகம்தான் அண்ணே, அதுவும் நம்ம மண்ணுல இருந்து வந்த விஷயம். உங்க ஊருக்கு மேல இருக்கிற கொல்லிமலையில 1914ல பொறந்த பால் பிராண்ட்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிங்க கை காலைப் பாத்தார். தொழுநோய் விரலை அழுகி விழ வைக்குதுன்னு அப்போ எல்லாரும் நம்பினாங்க, இல்ல, உணர்ச்சி செத்துப் போனதால சுட்டுக்கறதும் குத்திக்கறதும் ராத்திரி எலி கடிக்கிறதும் தெரியாமதான் விரல் போகுதுன்னு அவர் கண்டுபிடிச்சார். அந்தக் காலுக்கு அழுத்தம் பரவுற மாதிரி மெத்துன்னு மைக்ரோசெல்லுலர் ரப்பர்ல, அதைத்தான் எம்சிஆர்னு சொல்றாங்க, செருப்பு பண்ற வேலை வேலூர், கரிகிரி பக்கம் வளந்துச்சு. 1966ல அமெரிக்கா போனவர், அங்க சுகர் கால்லயும் நடக்கிறது இதேதான்னு எடுத்துச் சொன்னார். இன்னிக்கு உலகம் பூரா சுகர் புண்ணுக்கு பண்ற வைத்தியத்துல அந்த யோசனை இருக்கு.

வாங்கறப்ப சாயங்காலம் போங்க, நாள் பூரா ஓட்டினப்புறம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. விரலுக்கு இடையில வார் வர்ற ஹவாய் மாடல் வேண்டாம், அந்த இடுக்குலதான் அறுக்கும், அதோட மரத்த கால்ல நிக்காது. பின்னாடி வார் இருக்கணும், உள்ள மெத்துன்னு, அடிப்பக்கம் ஆணி ஏறாத மாதிரி கெட்டியா இருக்கணும், ஆணி அடிச்சுத் தைச்சது எடுக்காதீங்க. உள்ள கையை விட்டு தையல் முடிச்சு உறுத்துதான்னு பாருங்க. கால் மரத்தவங்க "புடிப்பா இருக்கு"ன்னு இறுக்கமானதை எடுப்பாங்க, ஏன்னா இறுக்கினாதான் அவங்களுக்கு போட்ட மாதிரியே தெரியும், அதனால ஒரு பேப்பர்ல நின்னு பாதத்தை சுத்தி பென்சில்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க, செருப்பு அதுக்கு வெளிய இருக்கணும். ஏற்கனவே புண்ணோ வளைஞ்ச விரலோ இருந்தா கடையில வாங்காதீங்க, அளவெடுத்து செஞ்சு தர்ற இடத்துக்குப் போங்க.

உங்களுக்குன்னு தனியா ஒண்ணு. கேபின்ல இன்ஜின் சூட்டுக்கு பக்கத்துல வெறுங்காலோட ஓட்டாதீங்க, க்ளட்ச் பெடல் காலுக்கு அடியில இருக்கிற மாதிரியே தெரியலன்னா வண்டியை ஓரம் கட்டிட்டு டாக்டரைப் பாத்துட்டுதான் அடுத்த லோடு. புது செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்க, கழட்டினதும் டார்ச் அடிச்சு காலைப் பாருங்க, எங்கயாவது சிவந்திருந்தா, அந்த சிவப்பு அரை மணி நேரத்துல மறையலன்னா செருப்பை திருப்பிக் குடுத்துடுங்க.